ஒரே தொட்டியில் எத்தனை வகைக் கோமாளி மீன் வைக்கலாம்?

உப்புநீர்த் தொட்டி வைக்கத் தொடங்குகிற பலரும் முதலில் வாங்க நினைப்பது கோமாளி மீனைத்தான். கடையில் ஒரு தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்டது நிற்கும். பக்கத்துத் தொட்டியில் கறுப்பு வெள்ளை. அடுத்ததில் அடர்சிவப்பு மரூன், அதற்கும் அப்பால் தக்காளி நிறத்தில் ஒன்று. எல்லாமே கோமாளி மீன்தானே, வகைக்கு ஒன்றாக எடுத்து ஒரே தொட்டியில் விட்டால் என்ன என்று தோன்றும். "ஒண்ணும் ஆகாது சார், எல்லாம் ஒரே சாதி மீன்தான்" என்று சொல்லி விற்கிற கடைக்காரர்களும் உண்டு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைக்கிற அளவுத் தொட்டியில் ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கோமாளி மீன்கள், அவ்வளவுதான். நிறம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். இனம் ஒன்றாக இருக்க வேண்டும், எண்ணிக்கை இரண்டைத் தாண்டக் கூடாது. இதற்கான காரணம் புரிந்துவிட்டால் எந்த மீன், எந்த அளவில், எந்த வரிசையில் வாங்குவது என்பதற்கெல்லாம் தனித்தனியாக விதி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் காரணம் கடலில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

வீடும் வரிசையும்

கோமாளி மீன்களில் சுமார் 30 இனங்கள் உண்டு. செங்கடலில் தொடங்கி இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் வரை ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல்களில் வாழ்கின்றன. அட்லாண்டிக்கில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லா இனங்களும் அனிமோன் எனப்படும் கடல் சாமந்தியோடு (பூப்போலத் தெரிகிற கடல் விலங்கு) ஒட்டி வாழ்பவை. அனிமோனின் நீண்ட விரல்களில் கொட்டும் செல்கள் இருக்கின்றன. மற்ற சின்ன மீன்கள் பட்டால் தப்பாது. கோமாளி மீனின் உடல்மேல் இருக்கும் சளிப் படலம் அதை அந்தக் கொட்டிலிருந்து காப்பாற்றுகிறது. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனிமோன் இனங்கள் இருந்தாலும் கோமாளி மீனுக்கு இடம் கொடுப்பவை பத்து இனங்கள்தான்.

ஆகவே வீடு கிடைப்பது அரிது. கோமாளி மீன் வேகமாக நீந்தத் தெரியாத மீன். வீட்டை விட்டு வெளியே அலைந்தால் பெரிய மீன் எதுவாவது தின்றுவிடும். நல்ல அனிமோன் ஒன்று கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அங்கேயேதான். உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், வெளியிலிருந்து வருவதை விரட்ட வேண்டும். இந்த மீனின் குணம் முழுவதும் இந்த இரண்டு தேவைகளிலிருந்து வந்ததுதான்.

ஒத்துப்போவதற்கு அவை கண்டுபிடித்திருக்கிற வழி விசித்திரமானது. ஓர் அனிமோனில் ஒரே ஒரு பெண் இருக்கும், அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அடுத்த பெரியது அதன் ஜோடியான ஆண். அதற்குக் கீழே ஒன்றிலிருந்து நான்கு வரை சின்ன மீன்கள் இருக்கலாம், அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. பிறக்கும்போது எந்தக் கோமாளி மீனும் பெண் இல்லை. பெண் செத்துப்போனால் அதன் ஜோடியான ஆண் பெண்ணாக மாறும், வரிசையில் அடுத்திருந்த சின்ன மீன் வளர்ந்து ஆணின் இடத்துக்கு வரும். ஹான்ஸ் ஃப்ரிக்கே, சிமோன் ஃப்ரிக்கே என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1977ல் இதை விளக்கி எழுதினார்கள். ஒரு தடவை பெண்ணாகிவிட்டால் திரும்ப ஆணாக முடியாது. கடையில் மீன் பொறுக்கும்போது இந்த ஒரு வரி கைகொடுக்கும்.

இதைவிட ஆச்சரியமான விஷயத்தை 2003ல் பீட்டர் பஸ்டன் என்ற ஆராய்ச்சியாளர் பப்புவா நியூ கினியாவின் மடாங் பகுதியில் பெர்குலா என்ற கோமாளி மீன் இனத்தைக் கவனித்துச் சொன்னார். ஓர் அனிமோனில் இருக்கும் மீன்களை அளவு வாரியாக அடுக்கினால் ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது. பெண் எட்டு சென்டிமீட்டர் என்றால் ஆண் சுமார் ஆறரை, அதற்கடுத்தது சுமார் ஐந்து. தற்செயலாக அப்படி அமையவில்லை. கீழே இருக்கும் மீன் தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கிறது. மேலே இருப்பதன் அளவை நெருங்கினால் அது போட்டியாளராகிவிடும், அடித்து வெளியேற்றப்படும், வெளியே போனால் சாவுதான். அதனால் சின்னதாகவே இருந்து தன் முறைக்காகக் காத்திருக்கிறது.

கோமாளி மீனின் கணக்கில், எதிரே இருப்பது தன்னைவிடத் தெளிவாகப் பெரியது என்றால் பணிந்து போக வேண்டும். தெளிவாகச் சின்னது என்றால் அது பணிகிற வரை பொறுத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்டத் தன் அளவே என்றால் சண்டை.

தொட்டியில் நடப்பது

கடலில் இந்த மீன் தன் அனிமோனை விட்டு ஓரிரு மீட்டருக்கு மேல் விலகுவது அபூர்வம். அந்தச் சுற்றுவட்டம் முழுவதும் தன்னுடையது என்று அது நினைக்கிறது. உங்கள் வீட்டுத் தொட்டி மூன்றடி நீளம். அதாவது கண்ணாடியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எல்லாமே ஒரே மீனின் வாசல். தொட்டிக்குள் அனிமோன் இல்லாவிட்டாலும் இதுதான் நிலைமை. கோமாளி மீன் உயிர் வாழ அனிமோன் தேவையே இல்லை. அது ஹீட்டர் பக்கமோ பம்ப்பின் பின்னாலோ ஒரு பாறை இடுக்கிலோ ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அதையே வீடாக நினைத்துக் காவல் காக்கும். கண்ணாடியைத் துடைக்கிற காந்தத்தின்மேல் பாசம் வைத்து, அதைத் தொட வந்த கையைக் கடிக்கிற மீன்களும் உண்டு.

ஒரே இனத்தில் பெரியதும் சிறியதுமாக இரண்டை விட்டால் முதல் சில நாட்கள் பெரியது துரத்தும். சின்னது ஓடும், ஒரு கட்டத்தில் ஓடுவதை நிறுத்தும். பெரியது பக்கத்தில் வந்ததும் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, வயிற்றைக் காட்டுவதுபோல் நின்று, தலையிலிருந்து வால் வரை வெடவெடவென்று நடுங்கும். முதல்முறை பார்ப்பவர்கள் மீனுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. 'நீதான் பெரியவள், ஒப்புக்கொள்கிறேன்' என்று அது சொல்கிறது. அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் சத்தமும் கேட்கும். பெரிய மீன் மிரட்டும்போது மெல்லிய 'டக் டக்' ஒலி வரும். கிளார்க்கி என்ற கோமாளி மீன் இனம் தாடையைச் சட்டென்று மூடி, பல்லோடு பல் மோதவைத்து இந்த ஒலியை எழுப்புகிறது என்று 2007ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

ஆக, ஒரே இனத்துக்குள் நடக்கும் சண்டைக்கு ஒரு முடிவு இருக்கிறது. ஒன்று பணிகிறது, மற்றது ஏற்கிறது, வரிசை அமைகிறது, இரண்டும் ஒரே மூலையில் தூங்க ஆரம்பிக்கின்றன. இரண்டு வேறு இனங்களுக்குள் அந்த முடிவு அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஜோடி சேர வாய்ப்பில்லாத அந்நிய மீனைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அதற்கு ஒரு காரணமும் இல்லை. கடலில் என்றால் தோற்றது எங்கேயாவது ஓடிப்போகும். தொட்டியில் ஓடினால் கண்ணாடி. அதனால் துரத்தல் நிற்காது. நாள் முழுக்க மேல் மூலையில் ஒடுங்கி நிற்கிற மீன் சாப்பிடாது, துடுப்புகள் கிழியும், நோய் பிடிக்கும், ஒரு வாரத்துக்குள் கதை முடிந்துவிடலாம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. தனித்தனியே இருந்த ஓர் ஒசெல்லாரிஸும் (கடையில் பெரும்பாலும் கிடைக்கிற ஆரஞ்சு இனம்) ஒரு கிளார்க்கியும் ஒன்று சேர்ந்துவிட்ட தொட்டிகள் உண்டு. கடலிலேயே பப்புவா நியூ கினியா, சாலமன் தீவுப் பக்கம் இரண்டு இனங்கள் ஒரே அனிமோனில் சேர்ந்து கலப்புக் குஞ்சு பொரிப்பதுண்டு. லூகோக்ரானோஸ் என்று தனி இனமாகப் பெயர் வைக்கப்பட்டிருந்த மீன், அப்படிப் பிறந்த கலப்பினம் என்று பிறகு தெரியவந்தது. அங்கேயும் அளவுக் கணக்கு மாறவில்லை. பெரிய இனம் பெண்ணாகவும் சின்ன இனம் ஆணாகவும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நாமும் முயன்று பார்க்கலாமே என்று தோன்றினால், கடலில் அது ஒத்துவராத மீன்களை நாம் பார்ப்பதே இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் வேறு, இனம் வேறு

கடையில் பார்க்கிற பல 'வகைகள்' உண்மையில் ஒரே இனம்தான். புதியவர்களுக்கு இது நல்ல செய்தி. நீமோ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஒசெல்லாரிஸ். ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் இதே ஒசெல்லாரிஸ் கறுப்பாக இருக்கும். கறுப்பையும் ஆரஞ்சையும் சேர்த்து வளர்த்தபோது பழுப்பு நிறத்தில் மோக்கா வந்தது. வெள்ளைப் பட்டைகள் பனி உருகி வழிந்ததுபோல் விரிந்திருப்பது ஸ்னோஃப்ளேக். மோக்காவும் ஸ்னோஃப்ளேக்கும் வளர்ப்புப் பண்ணைகளில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நிறங்கள். ஓர் ஆரஞ்சு, ஒரு கறுப்பு என்று வேண்டுமென்றால் தாராளமாக வைக்கலாம். மீன்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை, அளவு மட்டும் வித்தியாசமாக இருக்கட்டும். 'பல வகை' ஆசை இருப்பவர்களுக்கு நான் சொல்கிற வழி இதுதான்: ஒரு டார்வின் கறுப்பு, ஒரு சாதா ஆரஞ்சு. பார்க்கவும் அழகு, பராமரிப்பும் சுலபம்.

ஒசெல்லாரிஸுக்கு நெருங்கிய சொந்தம் பெர்குலா. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தோற்றம். பெர்குலாவில் வெள்ளைப் பட்டையின் ஓரத்துக் கறுப்புக் கோடு பெரும்பாலும் தடிமனாக இருக்கும், முதுகுத் துடுப்பில் முள் பொதுவாக பத்து. ஒசெல்லாரிஸுக்குப் பொதுவாக பதினொன்று. நீந்துகிற மீனின் முள்ளை யார் எண்ணுவது, சரி, அது போகட்டும். பிகாசோ என்று விலை கூட்டி விற்கிற ஒழுங்கற்ற பட்டை மீன் பெர்குலா வழி வந்தது. கடலில் இரண்டும் வெவ்வேறு பகுதிகளில் வாழ்கின்றன. ஒசெல்லாரிஸ் அந்தமான், தென்கிழக்கு ஆசியா, வடமேற்கு ஆஸ்திரேலியா, ஜப்பானின் தென்கோடித் தீவுகள் வரை. பெர்குலா நியூ கினியா, சாலமன் தீவுகள், ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதி. ஆனால் தொட்டியில் ஒன்றை மற்றொன்றோடு விட்டால் பெரும்பாலும் ஜோடி சேர்ந்துவிடும். இரண்டு இனங்களைச் சேர்த்து வைக்க முடிகிற அரிதான இடம் இது. அங்கும் எண்ணிக்கை இரண்டுதான். ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ், ஒரு ஜோடி பெர்குலா என்று நான்கை விட்டால் கடைசியில் இரண்டு மிஞ்சும்.

மற்ற இனங்கள் அப்படி இல்லை. கோபம் அதிகமுள்ளதிலிருந்து சொன்னால், முதலில் மரூன். கன்னத்தில் முள் இருக்கும், பெண் 17 சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் அதில் பாதிகூட இல்லாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு திரியும். தன் ஜோடியையே கொன்றுவிடுகிற மரூன் பெண்கள் உண்டு என்றால் அடுத்த இன மீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டொமேட்டோ கோமாளி சின்ன வயதில் சாது, வளர்ந்ததும் தொட்டியின் அதிகாரி. கிளார்க்கி பாரசீக வளைகுடாவிலிருந்து மேற்குப் பசிபிக் வரை பரவியிருப்பது, பத்து வகை அனிமோனிலும் குடியேறத் தெரிந்தது, 15 சென்டிமீட்டர் வரை வளரும். பலமான மீன், பலவீனமான மீனோடு சேராது. நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் சீபே இனமும் பெரிதாக வளரும். முதுகில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும் ஸ்கங்க் வகைகள்தான் இருப்பதிலேயே சாது. மாலத்தீவு, இலங்கைக் கடல்களில் இருக்கும் கறுப்புக்கால் கோமாளியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. சாது என்பதால் அவற்றை மற்றவற்றோடு சேர்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. அடி வாங்குவது அவையாக இருக்கும் என்றுதான் அர்த்தம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். மீனுக்கு இன வித்தியாசம் எப்படித் தெரியும்? ஜப்பானின் ஒகினாவாவில் இருக்கும் அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2024ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சுவாரசியமான பதில் தந்தது. இளம் ஒசெல்லாரிஸ்களுக்கு முன்னால் வெவ்வேறு எண்ணிக்கையில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்களையும் பொம்மைகளையும் காட்டினார்கள். தங்களைப் போலவே மூன்று பட்டை இருந்ததைத்தான் அவை அதிகம் தாக்கின. பட்டையே இல்லாததை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. பட்டைகளை எண்ணிப் பார்க்கின்றன என்று அவர்கள் விளக்கினார்கள்.

அப்படியானால் வேறு பட்டையுள்ள இனத்தை வைத்தால் சண்டை குறையும்தானே என்று கேட்கலாம். ஆய்வில் இருந்தது சில நிமிடச் சந்திப்பு, வந்த மீன் உடனே எடுக்கப்பட்டுவிடும். வீட்டில் அது மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும், வளரும், வீட்டில் பங்கு கேட்கும். தவிர, ஒசெல்லாரிஸ் சும்மா இருந்தாலும் எதிரே இருக்கும் மரூன் சும்மா இருக்க வேண்டுமே!

மடாங்கில் ஒன்பது இனங்கள் எப்படி வாழ்கின்றன?

கடலில் ஒரே பகுதியில் பல இனங்கள் சேர்ந்து வாழவில்லையா என்றும் கேட்கலாம். மேலே சொன்ன மடாங் கடற்பகுதியில் ஒன்பது கோமாளி மீன் இனங்கள் சேர்ந்து வாழ்கின்றன என்பது உண்மை. 2001ல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைத்தான் விவரித்தது. ஆனால் அவை கலந்து கிடக்கவில்லை. கரையோரம் சில இனங்கள், உள்கடல் நடுப்பகுதியில் சில, வெளித்திட்டில் சில என்று இடம் பிரித்துக்கொண்டிருந்தன. ஒரே இடத்தில் இருந்தாலும் ஒவ்வோர் இனமும் பிடித்திருந்த அனிமோன் வகை வேறு. ஓர் அனிமோனில் இரண்டு இனங்கள் சேர்ந்திருந்தால், அந்த அனிமோன் பெரியதாக இருக்கும், ஒன்று பெரிய இனம், மற்றது சின்ன இனமாக இருக்கும்.

இந்தப் பிரிவினைக்குத் தேவையான தூரத்தை வீட்டில் கொடுக்க முடியாது. ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டியில் ஏறக்குறைய 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அந்த அளவில், நடுவில் பார்வையை மறைக்கிற பாறைச் சுவர் எழுப்பி, இரண்டு கோடியிலும் தனித்தனி அனிமோன் வைத்து, ஒசெல்லாரிஸ் ஜோடி ஒன்று, ஸ்கங்க் ஜோடி ஒன்று என்று சாதுவானவற்றை ஒரே நாளில் குட்டியாக விட்டு வெற்றி பெற்ற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் பிரச்சினை வந்தால் மாற்ற இன்னொரு தொட்டி தயாராக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் தொட்டி வைப்பவர் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொரு முறையும் காதில் விழும்: பத்துப் பதினைந்து ஒசெல்லாரிஸ் குட்டிகளை ஒன்றாக விட்டுக் கூட்டமாக வளர்ப்பது. கூட்டம் பெரிதாக இருந்தால் அடி ஒருவர்மேலேயே விழாமல் பரவிப்போகும், பார்க்கவும் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் குட்டிகள் வளர்ந்து ஒரு ஜோடி முட்டையிடத் தொடங்கியதும் மற்றவை ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்படும். கடைகளும் பண்ணைகளும் குட்டிகளை அப்படி நெருக்கமாக வைப்பதைப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். அவை அங்கே விற்பனைக்காக இருக்கின்றன, வாழ்வதற்காக இல்லை.

ஜோடி சேர்ப்பது

இரண்டடித் தொட்டி, சுமார் 90 முதல் 100 லிட்டர் தண்ணீர், ஒசெல்லாரிஸ் ஜோடி ஒன்றுக்குப் போதும். மரூன், டொமேட்டோ, கிளார்க்கி என்றால் நான்கடிக்குக் குறையாமல் பாருங்கள்.

வாங்கும்போது கண்ணில் பளிச்சென்று தெரிகிற அளவுக்கு ஒன்று பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் எடுக்க வேண்டும். இரண்டும் மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கிற குட்டிகள் என்றாலும் பரவாயில்லை, அவை தங்களுக்குள் யார் பெரியது என்று முடிவு செய்துகொள்ளும். கூடவே கூடாதது ஒன்றுதான்: ஒரே அளவில் இரண்டு பெரிய மீன்கள். இரண்டும் பெண்ணாக இருக்கலாம். பெண் திரும்ப ஆணாக முடியாது என்பதால் அந்தச் சண்டைக்குச் சமாதானம் கிடையாது. கடைத் தொட்டியிலேயே ஏற்கெனவே ஒட்டி நீந்துகிற இரண்டைக் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. கொஞ்சம் விலை கூடும், கொடுக்கலாம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் விடுவது எளிது. முடியாவிட்டால் சின்னதை முதலில் விட்டு, அது இடம் பழகிய பிறகு பெரியதை விடலாம். ஏற்கெனவே ஒன்று குடியிருக்கிற தொட்டி என்றால், புதியதை ஓட்டைகள் போட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்துத் தொட்டிக்குள்ளேயே மூன்று நான்கு நாட்கள் தொங்கவிடுங்கள். குஞ்சு பிரிக்க விற்கிற வலைப்பெட்டியும் போதும். ஒன்றையொன்று பார்க்கும், கடிக்க முடியாது. வெளியே இருப்பது பெட்டியை முட்டுவதை நிறுத்தியதும், இரவு விளக்கை அணைத்த பிறகு திறந்துவிடலாம்.

பிறகு நடப்பதில் துரத்துவது, வாலில் லேசாகக் கொத்துவது, சின்னது நடுங்குவது எல்லாம் சாதாரணம். சின்னது மேல்மட்டத்தில் மூலையிலேயே நிற்கிறது, தீனி போட்டாலும் வரவில்லை, துடுப்பு நாராகத் தொங்குகிறது, தோலில் வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நாளைக்குப் பார்க்க மீன் இருக்காது. ஜோடியில் பெண் இறந்துவிட்டால் மிஞ்சியது சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் பெண்ணாகும். அதற்குத் துணையாகக் குட்டி மீன் ஒன்றை மேலே சொன்னபடி சேர்க்கலாம். ஆண் இறந்தாலும் அதே வழிதான்.

தண்ணீரும் வெயிலும் சட்டமும்

இதெல்லாம் தொட்டி தயாரான பிறகு. புதிதாக உப்புநீர் நிரப்பிய தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா வளர வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டுகிற வரை மீன் வேண்டாம். உப்பின் அடர்த்தி எண் 1.025 பக்கம், காரத்தன்மை 8.1 முதல் 8.4 பிஹெச், வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ்.

இதில் நம் ஊரில் தகராறு செய்வது கடைசியாகச் சொன்னதுதான். சென்னையில் மே மாதம் மூடிய அறையில் தண்ணீர் 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். தண்ணீர்மேல் சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையலாம், ஆனால் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அது எடுபடுவது குறைவு. கோயம்புத்தூரில் விசிறி போதலாம், சென்னையிலும் தூத்துக்குடியிலும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிக்குப் பணம் எடுத்துவைத்துவிட்டுத் தொட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். ஆவியான தண்ணீருக்குப் பதிலாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர். உப்பு ஆவியாகாது, உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும்.

அனிமோன் வேண்டுமா? தொடக்கத்தில் வேண்டாம். அதற்குப் பலமான விளக்கும் குறைந்தது ஆறு மாதமாவது ஓடிப் பக்குவப்பட்ட தொட்டியும் தேவை. தவிர அது ஊர்ந்து போகும், பம்ப்பில் சிக்கிச் சிதைந்தால் தொட்டியையே நாசமாக்கும். வீட்டில் அனிமோன் இருப்பது சண்டையைக் குறைக்காது, காவல் காக்க ஒரு சொத்தைக் கூடுதலாகக் கொடுக்கும். பாறைக்கு மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளக்கல் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பவளத்திட்டுகளை உருவாக்கும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குக் கிடைக்கிற அதே பாதுகாப்பு. செயற்கைப் பாறையோ பீங்கான் பாறையோ போதும்.

மீனைப் பொறுத்தவரை பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். நம் நாட்டிலேயே இது நடக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியில் முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கின்றன. பண்ணைக் குஞ்சு தீவனத்துக்குப் பழகியது, கண்ணாடிக்குப் பழகியது. கடலில் பிடித்த கோமாளி மீனோடு புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி வருவது சகஜம். தோலில் பிசுபிசுவென்று வெள்ளைச் சளி படர்ந்து, மூச்சு வாங்கி, இரண்டு மூன்று நாளில் மீன் போய்விடும். எங்கிருந்து வாங்கினாலும் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

ஜோடி சேர்ந்து ஓராண்டு இரண்டாண்டில் முட்டையிட ஆரம்பிக்கலாம். ஒரு தட்டையான கல்லை இரண்டும் வாயால் சுத்தம் செய்வதைப் பார்த்தால் தயாராகின்றன என்று தெரிந்துகொள்ளலாம். ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக முட்டைகள் ஒட்டியிருக்கும், ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் காக்கும், ஒரு வாரம் பத்து நாளில் இரவு நேரத்தில் பொரியும். அந்த நாட்களில் தொட்டிக்குள் கை விட்டால் கடி நிச்சயம். ஒசெல்லாரிஸ் கடித்தால் கூச்சம்தான், மரூன் கடித்தால் ரத்தம் வரும்.

தொட்டியில் இன்னும் நிறம் வேண்டும் என்றால் கோமாளி மீனுக்கு வெளியே தேடுங்கள். தரையோடு ஒட்டி வாழும் கோபி மீன், பாறை இடுக்கில் இருக்கும் ராயல் கிராமா, ஃபயர்ஃபிஷ், பாங்காய் கார்டினல், சுத்தம் செய்யும் இறால் எல்லாம் ஒசெல்லாரிஸ் ஜோடியோடு ஒத்துப்போகும். ஃபயர்ஃபிஷ் பயந்தால் துள்ளி வெளியே விழும், தொட்டிக்கு வலை மூடி போட்டுவிடுங்கள். டாம்செல் மீன்களைத் தவிர்த்துவிடுங்கள், கோமாளி மீனும் அந்தக் குடும்பம்தான், குணமும் அதே குணம். அப்புறம், வாங்குகிற வரிசையில் கோமாளி ஜோடி கடைசியாக வரட்டும். முதலில் வந்து இடம் பிடித்துவிட்டால் பிறகு வருகிற ஒவ்வொரு மீனும் அதனிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.